ஊசி எடுக்கும் முன் தராசு

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே இருக்கும் எலப்புள்ளியில் கம்பளி நூலைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிக்கக்கூடும். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த இடைவெளியில் அமைந்த பகுதி அது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மாவட்டத்தில் யார் ஸ்வெட்டர் போடப் போகிறார்கள்?

ஆனால் பின்னல் குளிருக்காக மட்டும் ஏற்பட்ட கலை அல்ல. எல்லையின் இரு பக்கமும் உள்ள வீடுகளில் ஒயர் கூடை பின்னத் தெரிந்தவர்கள் ஒரு காலத்தில் ஏராளம். சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுகளுக்குப் பெயர் வைத்து, கூடைக்கு எத்தனை கட்டு ஒயர் வேண்டும், எத்தனை முழத்தில் வெட்ட வேண்டும் என்று மனக்கணக்கில் சொன்னவர்கள் அவர்கள். குரோஷா ஊசியால் மேஜை விரிப்பு பின்னியவர்கள், பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் இரண்டு ஊசி பிடித்துப் பாதி மப்ளரோடு நிறுத்தியவர்கள் என்று பட்டியல் நீளும். அந்தப் பாதி மப்ளர்களில் பல இன்னும் ஏதோ ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன.

அவற்றை வெளியே எடுக்க வைக்கும் வழி ஒன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதுதான் தோழிகளுக்குள் வைத்துக்கொள்ளும் பின்னல் போட்டி. பத்துப் பேர் கூடி ஆரம்ப நாளையும் முடிவு நாளையும் குறித்துக்கொள்கிறார்கள். அவரவர் எடுத்துக்கொண்ட வேலையை அவரவர் முடிக்க வேண்டும். நடுவர் கிடையாது, பரிசும் கிடையாது. தோற்றால் தெரியப்போவது பத்துப் பேருக்கு மட்டும். விளையாட்டாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், முடிப்பவர் யார், முடிக்காதவர் யார் என்பது பின்ன ஆரம்பிக்கும் முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

இதற்குப் பழைய உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1811 ஜூன் 25 அன்று நியூபரி என்ற ஊரில் ஒரு பந்தயம் நடந்தது. காலையில் ஆட்டின் முதுகில் இருக்கும் ரோமம் பொழுது சாய்வதற்குள் மனிதன் முதுகில் கோட்டாக ஏற வேண்டும். பந்தயத் தொகை 1,000 கினி. சர் ஜான் த்ரோக்மார்ட்டன் என்ற பிரபுவுக்காக, ஜான் காக்ஸெட்டர் என்ற ஆலை முதலாளி காரியத்தில் இறங்கினார். காலை 5 மணிக்கு இரண்டு ஆடுகளின் ரோமம் கத்தரிக்கப்பட்டது. நூற்று, நெய்து, சாயம் போட்டுத் துணியாக்கியபோது மணி மாலை 4. அங்கே நூல் கோத்த ஊசிகளோடு தையல்காரர்கள் காத்திருந்தார்கள். 6.20-க்குக் கோட்டு தயார். மொத்தம் 13 மணி 20 நிமிடம். கை வேகம் ஒரு காரணம்தான். ஆனால் எந்த இடத்திலும் ஒருவர் இன்னொருவருக்காகக் காத்திருக்க நேராதபடி ஏற்பாடு செய்ததுதான் பந்தயத்தை ஜெயித்தது. ஊசியில் நூல் கோப்பது அற்ப வேலை. அதைக்கூட முன்பே முடித்து வைத்திருந்தார்கள்.

நம் காலத்துக்கு நெருக்கமான உதாரணம் 2006-ல் வந்தது. இத்தாலியின் டூரின் நகரில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது, ஸ்டெபனி பேர்ல்-மக்ஃபீ என்ற கனடாவின் பின்னல் எழுத்தாளர் 'பின்னல் ஒலிம்பிக்ஸ்' என்று ஒன்றை அறிவித்தார். தொடக்க விழா அன்று ஊசியில் முதல் கண்ணி போட வேண்டும். 16 நாள் கழித்து ஒலிம்பிக் தீபம் அணைவதற்குள் முடித்துவிட வேண்டும். பல ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். அவர் வைத்த நிபந்தனைகளில் இரண்டு கவனிக்கத்தக்கவை. எடுக்கும் வேலை எடுப்பவருக்குச் சவாலாக இருந்தால் போதும். புதிதாகக் கற்றவருக்கு ஒரு சாதாரண மப்ளரே ஒலிம்பிக் பந்தயம்தான். அடுத்தது, முதல் நாளுக்கு முன் கண்ணி போடக் கூடாது. ஆனால் மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கலாம், அதற்குப் பயிற்சி என்று பெயர்.

மாதிரித் துண்டுக்கு இத்தனை மரியாதை ஏன் என்பதை ஒரு சின்னக் கணக்கு காட்டிவிடும். 36 அங்குல மார்பளவுக்கு, அங்குலத்துக்கு 5 கண்ணி என்று வைத்து 180 கண்ணி போட்டாயிற்று. பின்னுபவரின் கை கொஞ்சம் இறுக்கம். அங்குலத்துக்கு ஐந்தரை கண்ணி விழுகிறது. அரைக் கண்ணிதானே என்று விட்டால் ஸ்வெட்டர் 36-க்குப் பதில் 33 அங்குலம்கூட வராது. அப்பாவுக்கு ஆரம்பித்தது அண்ணன் மகனுக்குப் போய்ச் சேரும். கை தளர்ந்து நாலரை விழுந்தால் 40 அங்குலம். ஒரு சாண் நீள அகலத்தில் ஒரு துண்டு பின்னி, அலசிக் காயவைத்து, அளவுகோல் வைத்து எண்ணிப் பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். அந்த ஒரு மாலையை மிச்சம் பிடித்தவர்கள்தான் பத்தாம் நாள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஊசி எண்ணிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தியக் கடைகளில் பின்னல் ஊசியைப் பழைய பிரிட்டிஷ் எண் சொல்லிக் கேட்கும் வழக்கம் போகவில்லை. அந்தக் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர் பருமன். 10-ஆம் எண் மூன்றேகால் மில்லிமீட்டர். வெளிநாட்டுப் புத்தகத்தில் 8 என்று பார்த்துவிட்டு இங்கே 8 வாங்கினால் ஊசி மாறிப்போக வாய்ப்பு உண்டு. அமெரிக்காவின் 8 என்பது 5 மில்லிமீட்டர். மில்லிமீட்டர் அளவைப் பார்த்து வாங்குவதே பத்திரம்.

அடுத்தது நூல். ஆரம்ப நாளுக்கு முன் வீட்டில் உள்ள நூலை எல்லாம் வெளியே எடுத்து எடை போட வேண்டும். பலசரக்குக் கடைத் தராசு போதாது. சமையலறையில் வைக்கும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு கிராம் கணக்கு சொல்லும். மாதிரித் துண்டின் எடையையும் பரப்பையும் குறித்துக்கொண்டால் முழு வேலைக்கு எவ்வளவு நூல் என்று கணக்கிட்டுவிடலாம். 4 அங்குலச் சதுரத் துண்டு 6 கிராம் என்றால், 8 அங்குல அகலமும் 60 அங்குல நீளமும் உள்ள மப்ளர் அதைப் போல் 30 மடங்கு; 180 கிராம். ஓரத்துக்கும் பிழைக்கும் கொஞ்சம் சேர்த்து 200 கிராம் வாங்குவது புத்திசாலித்தனம். குரோஷா வேலை என்றால் இரண்டு ஊசிப் பின்னலைவிடப் பொதுவாக அதிக நூல் பிடிக்கும்.

வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். லேபிளில் நிறத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் லாட் எண் என்று ஒன்று இருக்கும். ஒரே தொட்டியில் சாயம் ஏறிய நூலுக்கு ஒரே லாட் எண். அடுத்த மாதம் போய் அதே நிறத்தைக் கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார். கடை விளக்கில் வித்தியாசம் தெரியாது. வெயிலில் போட்டால் முதுகின் நடுவே கோடு விழுந்த மாதிரி தெரியும். ஏற்கெனவே வேறு வேறு லாட் நூல்தான் கையில் இருக்கிறது என்றால், இரண்டு உருண்டையையும் வரிசை மாற்றி மாற்றிப் பின்னி வித்தியாசத்தைக் கலைத்துவிடலாம்.

எந்த நூல் என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். எலப்புள்ளிப் பக்கத்துக்குப் பருத்திதான் தோது. தோளில் போடும் மெல்லிய துண்டு, குழந்தைக்குத் தொப்பி, காய்கறி வாங்கும் வலைப்பை எல்லாம் பருத்தியில் நன்றாக வரும். ஆனால் பருத்திக்குக் கம்பளி போல இழுபடும் குணம் இல்லை. விரல் சீக்கிரம் வலிக்கும். முதல் அலசலில் சுருங்கும். கெட்டிச் சாயம் இல்லாவிட்டால் சிவப்பு வெள்ளையில் இறங்கும். மாதிரித் துண்டை அலசிப் பார்க்கச் சொல்வது இதற்காகவும்தான். அக்ரிலிக் மலிவு, சுருங்காது. சூடு மட்டும் ஆகாது. இஸ்திரிப் பெட்டி பட்டால் தட்டையாகிப் பளபளக்கும், தீக்கு அருகே உருகும். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் துணியை அக்ரிலிக்கில் பின்னுவது கையைச் சுட்டுக்கொள்ளும் வேலை.

கழியாக வரும் நூலை முதல் நாளுக்கு முன்பே உருண்டையாகச் சுற்றிவிடுவது நல்லது. இரண்டு கையில் கழியை மாட்டிக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் நாற்காலி முதுகு இருக்கிறது. சுற்றும்போதே முடிச்சு, அறுந்த இடம், சாயம் பிடிக்காத இடம் எல்லாம் கண்ணில் பட்டுவிடும். இறுக்கிச் சுற்றக் கூடாது. இறுக்கத்தில் நீண்ட நூல், பின்னிய பிறகு பழைய நிலைக்குத் திரும்பித் துணியைச் சுருக்கிவிடும்.

இனி, எந்த வேலையை எடுப்பது? இங்கேதான் பெரும்பாலான போட்டிகள் தோற்கின்றன. தென்னாப்பிரிக்காவில் 2013 டிசம்பரில் நடந்த கதை இதற்கு நல்ல பாடம். நெல்சன் மண்டேலாவின் உதவியாளராக நெடுங்காலம் இருந்த ஸெல்டா லா க்ராங்கே, தன் தோழி கரோலின் ஸ்டெய்னுக்கு ஒரு நட்புச் சவால் விட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 18, மண்டேலா பிறந்தநாளுக்குள் 67 போர்வை பின்ன வேண்டும். மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வுக்கு ஆண்டுக்கு ஒரு போர்வை. ஸ்டெய்ன் ஒப்புக்கொண்டார். கணக்குப் போட்டால் சுமார் 200 நாளில் 67 போர்வை. மூன்று நாளுக்கு ஒன்று. ஒரு ஜோடிக் கைக்கு ஆகிற காரியம் அல்ல. அவர் நண்பர்களைத் துணைக்கு அழைத்தார். அது ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த இயக்கமாயிற்று. 2015-ல் அவர்கள் பிரிட்டோரியாவில் 3,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட போர்வையை விரித்துக் கின்னஸில் இடம் பிடித்தார்கள்.

அடுத்த வருடமே அந்தச் சாதனையைத் தாண்டியது சென்னை. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்துக் காட்டியது. வயல் கணக்கில் சொன்னால் இரண்டே முக்கால் ஏக்கர். ஒரு சதுர மீட்டர் துண்டுகளாக நினைத்துப் பார்த்தால் பதினோராயிரத்துக்கும் மேல். 2017-ல் அதே குழு 14 கிலோமீட்டர் நீளத்துக்கு மப்ளர் பின்னிக் கின்னஸ் ஏறியது. வெவ்வேறு வீட்டில், வெவ்வேறு கையில் வளரும் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்றால் அளவு முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். ஒரு துண்டு இரண்டு விரல் குறைந்தாலும் பக்கத்துத் துண்டு சுருங்கும். கூட்டு முயற்சிக்கு உற்சாகம் மட்டும் போதாது, அளவுகோலும் வேண்டும்.

ஏக்கர் கணக்கில் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன மப்ளரையே எடுத்துக்கொள்ளலாம். 40 கண்ணி அகலம். அங்குலத்துக்கு 7 வரிசை வீதம் 60 அங்குலத்துக்கு 420 வரிசை. மொத்தம் 16,800 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னும் சாதாரணக் கைக்கு 840 நிமிடம், அதாவது 14 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம் கிடைத்தால் 14 நாள். 16 நாள் போட்டிக்குச் சரியாகப் பொருந்தும். விருந்தாளி வந்தாலும் கரண்ட் போனாலும் இரண்டு நாள் கையில் இருக்கும்.

ஆனால் தினம் அந்த ஒரு மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது? கணக்கு இந்த இடத்தில் வந்துதான் முட்டுகிறது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் சம்பளம் இல்லாத அந்த வேலையில் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். டிரங்குப் பெட்டியில் பாதி மப்ளர் கிடப்பதற்குச் சோம்பலைக் காரணம் சொல்பவர்கள் இந்த இரண்டு எண்ணையும் ஒரு முறை பார்க்கலாம். போட்டிக்கான ஆயத்தத்தில் நூலை எடை போடுவது சுலபம். நேரத்தை எடை போடும்போதுதான் வீட்டில் பேச வேண்டிய பேச்சு ஒன்று இருப்பது தெரியவருகிறது. சாயங்காலம் ஏழிலிருந்து எட்டு வரை அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஆயத்தத்தில் சேர்த்திதான்.

எண்ணப்படாத இந்த நேரத்துக்கு நம் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. நாகர்கோவிலில் 1820-களின் தொடக்கத்தில் மிஷனரி மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் இருந்ததாக மிஷன் குறிப்புகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து போனபோது அந்தக் கலையை இடையன்குடிக்கும் கொண்டுபோனார்.

இதற்கு நேர்மாறான கதை ஆந்திரத்தின் நரசாபுரத்தில். அங்கே குரோஷா லேஸ் பின்னிய ஏராளமான பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைப் பின்னிய அந்தப் பெண்களை வியாபாரிகளும் கணக்கெடுப்பும் தொழிலாளியாகப் பார்க்கவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்பதே எல்லோருடைய எண்ணமும். பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லே கூலியைக் குறைத்து வைக்கப் போதுமானதாக இருந்தது. நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு 2024-ல் கிடைத்தது. துணிக்குக் கிடைத்த மரியாதை கைக்கும் கிடைத்தால் நல்லது.

தோழிகளின் போட்டி கூலிக்காக நடப்பதல்ல. கூலி என்று பார்த்தால் இயந்திரத்தோடு மோத முடியாது. கோவையைத் தாண்டினால் திருப்பூர்; அங்கே வட்டப் பின்னல் இயந்திரம் கக்கும் பனியன் துணியும் கண்ணிக்குள் கண்ணி கோக்கும் அதே பின்னல்தான். 1589-ல் இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் இயந்திரம் கண்டுபிடித்த நாளிலிருந்து கை பின்தங்கித்தான் வருகிறது. ஆனால் தான் போட்ட கண்ணி எத்தனை, செலவிட்ட மணி எத்தனை என்று ஒருத்தி எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை யாரோ ஒருவர் ‘சும்மா இருக்கும்போது ஒன்று பின்னிக் கொடேன்’ என்று கேட்கும்போது அவளிடம் பதில் இருக்கும். ஒரு மப்ளர், பதினான்கு மணி நேரம். அன்பளிப்பாகக் கொடுத்தாலும் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம்.

முதல் தடவை போட்டிக்கு இறங்குபவர்கள் புது வேலை தேட வேண்டாம் என்பது அனுபவசாலிகளின் யோசனை. பாதியில் நிற்பதை எடுத்து முடிப்பதும் ஒரு வேலைதான். நூலும் ஊசியும் ஏற்கெனவே இருக்கின்றன. மீந்த நூல்களைச் சேர்த்துச் சதுரங்கள் பின்னினால் பத்துப் பேரின் சதுரங்களில் ஒரு போர்வை தேறும். அளவை மட்டும் முதல் நாளே ஒரு அட்டையில் வெட்டி ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டும். கேரளத்தில் 1998-லிருந்து குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் ஊர் ஊராக இருக்கின்றன. பத்துப் பேரைச் சேர்க்கத் தனியாகச் சங்கம் தொடங்க வேண்டியதில்லை.

பின்னியதை என்ன செய்வது என்ற கேள்விக்கும் பதில் முன்பே இருக்க வேண்டும். யாருக்கு என்று தெரிந்து பின்னும் கை நடுவில் நிற்பது குறைவு. எலப்புள்ளியில் ஸ்வெட்டருக்கு வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் அதே கேரளத்தில், இடுக்கி மலையில், மூணாறு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வேலை செய்கின்றன. அங்கே ஜனவரி விடியலில் புல்லின் மேல் உறைபனி படியும் நாட்கள் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவின் தோளுக்கும், பள்ளிக்கூடம் போகும் குழந்தையின் காதுக்கும் கம்பளி அங்கே தேவை. ஜனவரிக் குளிருக்கு நூல் வாங்கவும் மாதிரித் துண்டு பின்னவும் நல்ல காலம் எது என்று கேட்டால், பாலக்காட்டில் வெயில் கொளுத்தும் ஏப்ரல்தான்.